கடலுக்குள் இருந்த கோணேசர்

1956ஆம் ஆண்டு திருகோணமலைக் கடலில் இரண்டு நண்பர்கள் சுழியோடினார்கள். ஒருவர் ஆதர் சி. கிளார்க். விண்வெளிக் கதைகளால் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஆங்கிலேய எழுத்தாளர். அந்த ஆண்டுதான் இலங்கையில் வந்து குடியேறினார். மற்றவர் மைக் வில்சன். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கமராவோடு கடலுக்குள் இறங்குவதே அவருடைய தொழிலும் ஆசையும். கோணேசர் கோயில் நிற்கும் பாறை கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தில், பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே, மனிதக் கை பட்ட கற்கள் கிடந்தன. செதுக்கிய தூண்கள், பூ வேலைப்பாடு கொண்ட துண்டங்கள், யானைத் தலை வடிவில் அமைந்த கற்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் மிச்சம் அது. வில்சன் படம் எடுத்தார். மறு ஆண்டு வெளிவந்த ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ என்ற நூலில் கிளார்க் அதைப் பற்றி எழுதினார்.

ஒரே கடல், ஒரே கற்கள், ஒரே நட்பு. ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு வேறு. வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். கதிர்காமக் கந்தனின் அடியவராக வாழ்ந்து 1995இல் மறைந்தார். கிளார்க் 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானபோது, தம் இறுதிச் சடங்கில் எந்த மதத்தின் கிரியையும் இடம்பெறக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். பொரளை மயானத்தில் அவ்வாறே அடக்கம் நடந்தது.

அப்படியானால் கடலடியில் இருந்தது என்ன? கல்லில் கடவுள் இருந்தாரா? இருந்திருந்தால் ஒருவர் கண்டதை மற்றவர் ஏன் காணவில்லை? இல்லாதிருந்தால் வில்சன் எதைக் கண்டார்?

இந்தக் கேள்வியை அவசரமாக முடித்துவிடுவது எளிது. லிங்கத்தைக் கண்ட கணமே வெள்ளைக்காரர் சாமியாராகிவிட்டார் என்று பக்தியோடு சொல்லிவிடலாம். நடந்தது அவ்வளவு நேர்கோடாக இல்லை. கோணேசர் கடலில் வில்சன் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் லிங்கம் இன்று கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. ஆனால் அதைக் கண்ட பின்னும் வில்சன் பல ஆண்டுகள் கமராக்காரராகவே இருந்தார். 1961இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாஸஸ் கலங்கரை விளக்கத்தின் அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றின் வெள்ளி நாணயங்கள் அவர் கண்ணில் பட்டன. ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட ரூபாய்கள். ஹிஜ்ரி 1113 என்று ஆண்டு பொறித்தவை, அதாவது கி.பி. 1702. மூட்டை மூட்டையாகப் போனவை கடலடியில் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தன. அடுத்த ஆண்டு அவர் ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். முதல் வண்ணச் சிங்களப் படம் என்று பெயர் பெற்ற அதில் திருகோணமலைக் கடலடிக் காட்சிகள் உண்டு. லிங்கம், வெள்ளி, சினிமா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அதன் பிறகே காவி வந்தது.

அந்த வெள்ளியும் அந்த லிங்கமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டியவை. நாணயத்துக்கு மதிப்புக் கொடுத்த முகலாய அரசு அழிந்துவிட்டது. எந்தக் கடைக்காரனும் அதை இன்று ரூபாயாக வாங்க மாட்டான். மிஞ்சியது வெள்ளியின் எடையும் வரலாற்றுப் பெறுமதியும்தான். கோயிலை இழந்து, பூசையை இழந்து, முந்நூறு ஆண்டுக்கு மேல் உப்புநீரில் கிடந்த லிங்கத்தில் என்ன மிஞ்சியது? நாணயத்தைப் போல எடைதானா?

திருகோணமலைக்கு வெகு தூரத்தில், தீவின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது கரவனெல்ல. கேகாலை மாவட்டத்தில், ருவன்வெல்லைக்குப் பக்கத்தில், களனி கங்கை ஓடும் ஊர். சுற்றிலும் றப்பர் தோட்டங்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. கடலில் சுழியோடுவது அவர்களுடைய பொழுதுபோக்கு அல்ல. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடலாம். ஆனால் சாமி தண்ணீருக்குள் இருக்க முடியுமா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டால் திகைக்க மாட்டார்கள். அவர்களுடைய திருவிழாவே தண்ணீரில்தான் தொடங்குகிறது.

மலையகத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் கரகம் பாலிப்பது முக்கியமான நிகழ்ச்சி. பூசாரியும் விரதம் இருந்தவர்களும் ஆற்றங்கரைக்கோ ஓடைக்கரைக்கோ போவார்கள். தப்பு முழங்கும். குடத்தைக் கழுவி, மஞ்சள் பூசி, ஆற்று நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றி உயர்த்திக் கட்டுவார்கள், உச்சியில் எலுமிச்சம்பழம் இருக்கும். இவ்வளவும் கைவேலை. சற்று முன்வரை சமையலறையில் இருந்திருக்கக்கூடிய குடம் அது. தப்பின் அடி மாறி, பூசாரிக்கு அருள் வந்து, கரகம் தலைக்கு ஏறும்போது அதே குடத்தைக் கண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். விழா முடிந்ததும் கரகத்தை அதே தண்ணீருக்குக் கொண்டுபோய்க் குடிவிடுவார்கள். பூ பிரிக்கப்படும், நீர் ஆற்றோடு சேரும், வெறுங்குடம் வீட்டுக்குத் திரும்பும். அம்மன் ஆற்றிலிருந்து வந்தாள், ஆற்றுக்குப் போனாள்; அடுத்த வருடம் மறுபடியும் வருவாள். குடத்தில் கடவுள் இருந்தாளா, குடத்தைப் பார்த்தவர் மனத்தில் இருந்தாளா என்று அந்தக் கரையில் யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

ஏட்டுச் சைவமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. கோயிலில் புதிய விக்கிரகத்தைப் பிரதிட்டை செய்யுமுன் அதைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். ஜலாதிவாசம் என்பது அந்தக் கிரியை. பிறகு தானியத்தில் கிடத்துவதும் சயனத்தில் கிடத்துவதும் உண்டு. திருப்பணி வேலை தொடங்கும்போது மூர்த்தியின் சாந்நித்தியத்தை, அதாவது அதில் குடிகொண்ட இறையிருப்பை, கும்ப நீருக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூசிப்பார்கள். பின்னமடைந்த விக்கிரகத்தை ஆழ்ந்த நீரில் விட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. கல் கடவுளுக்கு இடம். அந்த இடம் மாறலாம் என்பதை ஆகமம் ஒளிவு மறைவில்லாமல் ஒத்துக்கொள்கிறது.

ஆனால் கோணேசருக்கு அந்த ஒழுங்கான வழியனுப்பல் கிடைக்கவில்லை. 1622இல், சித்திரைப் புத்தாண்டு நாளில், உற்சவமூர்த்தி நகருக்குள் உலா போயிருந்த வேளையில் போர்த்துக்கீசப் படையினர் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்று சொல்லிவருகிறார்கள். கொன்ஸ்தந்தீனு டி சா அப்போது தளபதி. இடித்த கற்களைக் கொண்டு அருகிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரட்றிக் கோட்டையின் வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லைப் போகிற வருகிற எவரும் காணலாம். சில செப்புத் திருமேனிகளை யாரோ மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். 1950இல் நகரசபைக்காக நீர்க்கிணறு வெட்டியபோது அவை வெளிப்பட்டன. மற்றவை கடலுக்குப் போயின. கும்பம் வைத்துச் சாந்நித்தியத்தை மாற்ற அன்று யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அப்படியானால் ஆகம முறைப்படி கேட்டாலே, அது கல்லோடு கடலுக்குள் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். தானாகத் தோன்றிய சுயம்பு லிங்கத்துக்குப் பிரதிட்டையே தேவையில்லை, பின்னமானாலும் அது தள்ளத்தக்கதல்ல என்பதும் அதே மரபு.

கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருந்தால் இத்தோடு விட்டிருக்கலாம். மக்கள் அதற்கு நடைமுறையில் பதில் சொல்லியிருக்கிறார்கள். கோயில் இல்லாத அந்த நீண்ட காலத்தில் அவர்கள் அந்தப் பாறைக்குப் போவதை நிறுத்தவில்லை. பிரித்தானிய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அந்த வழிபாட்டை விவரிக்கிறார். பூசகர் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு இறங்கிப் போய், கர்ப்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, கீழே அலையடிக்கும் கடலை நோக்கி அர்ச்சனை செய்தார். எதிரே கருவறை இல்லை, விமானம் இல்லை. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது என்ற நினைவும், காலுக்குக் கீழே கடலுக்குள் எங்கோ அவர் இருக்கிறார் என்ற உறுதியும் மட்டும் இருந்தன. அந்தப் பூசகர்கள் கடலடியை ஒருநாளும் கண்டவர்கள் அல்ல. காற்றுருளையை முதுகில் கட்டி மூச்சு விட்டுக்கொண்டே நீருக்குள் போகும் கருவியை கூஸ்தோவும் கஞ்ஞானும் பிரான்சில் உருவாக்கியது 1943இல்தான்.

கல்லைக் காணாமலே கும்பிட்டவர்கள் ஒரு பக்கம். கல்லைக் கையால் தொட்டும் கும்பிடாதவர் மறுபக்கம். நடுவில் வில்சன். காண்பது என்றால் என்ன என்பதை விசாரிக்காமல் இந்த மூவரையும் ஒன்றாக வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அதைக் கடலடிப் படப்பிடிப்பை விடத் தெளிவாகக் காட்டும் தொழில் வேறு கிடைப்பது அரிது.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரியும். கண்ணுக்கு முன் கொஞ்சம் காற்று இருந்தால்தான் உருவம் கூடும். சுழியோடியின் முகமூடி செய்கிற வேலை அவ்வளவுதான். அப்போதும் பொருள்கள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். நீட்டிய கை வெறுந்தண்ணீரைப் பிடிக்கும். கீழே போகப் போக நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். சிவப்புத்தான் முதலில் போவது. பத்து மீற்றர் ஆழத்துக்குள் அது பெரும்பாலும் போய்விடும். பிறகு செம்மஞ்சள், அதன் பின் மஞ்சள். செந்நிறப் பஞ்சுயிரி சாம்பல் கட்டியாகத் தெரியும். விரல் கீறி வழியும் இரத்தம்கூடப் பச்சையாகத் தெரியும். படம் எடுப்பவர் ஒளியைத் தம்மோடு கொண்டுபோக வேண்டும். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால், இல்லை என்று நினைத்த சிவப்பு அதே இடத்தில் பற்றியெரியும். அந்தச் சிவப்பை ஃபிளாஷ் உண்டாக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. ஆனால் ஒளி இல்லாமல் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் ஏறத்தாழ இந்த வழியில்தான் சிந்தித்தார். கண்ணுக்குத் தானே காணும் ஆற்றல் இல்லை. உயிர் அதனோடு கூடி நின்று காட்டினால்தான் கண் காணும். அப்படியே உயிருக்கும் தானே அறியும் ஆற்றல் இல்லை. இறைவன் உடன் நின்று காட்ட வேண்டும், உடன் நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சைவ சித்தாந்தம் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. பொருள் இருந்தால் போதாது, கண் இருந்தாலும் போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். கடவுள் கல்லிலா மனத்திலா என்ற கேள்வி நின்று போவது இங்கேதான். அந்தக் கேள்வி இரண்டே இடங்களை வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது. சித்தாந்தத்தில் இறைவன் இருக்கிற இடம் அந்த மூன்றாவது.

உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகும் என்பதும் அதே தத்துவம். அதற்குச் சொல்லும் உவமை பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டும் பளிங்கு. வில்சனின் வாழ்க்கையை இதைக் கொண்டு வாசிக்கலாம். அவர் சார்ந்தது முதலில் கடல், பிறகு வெள்ளி, பிறகு சினிமா, இறுதியில் கந்தன். லிங்கம் கண்ட நாளிலேயே மாறாததால் அவருடைய துறவு பொய்யாகிவிடாது. படச்சுருளில் விழுந்த ஒளி, கழுவி எடுக்கும் வரை தெரியாமல்தான் இருக்கும்.

கிளார்க்கைக் குருடர் என்று சொல்வது பெருந்தவறு. அவர் கடலுக்குள் இறங்கியதற்கு ஒரு காரணம், விண்வெளிப் பயணிக்குக் கிடைக்கும் எடையின்மையைப் பூமியில் உணர அது ஒன்றே வழி என்று அவர் எண்ணியது. பிற்காலத்தில் போலியோவின் விளைவுகளால் நடக்கவே சிரமப்பட்டபோதும் கடலை அவர் விடவில்லை. 1979இல் வெளிவந்த அவருடைய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மாபெரும் மின்தூக்கி ஒரு புனித மலையின் உச்சியில் அமைகிறது. அந்த மலை சிவனொளிபாதமலையை வைத்து எழுதப்பட்டது. அதற்காகத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார் கிளார்க். மதச் சடங்கே வேண்டாம் என்றவர், வானத்துக்கு ஏணி போட வேண்டி வந்தபோது யாத்திரிகர் ஏறும் மலையைத்தான் தேர்ந்தார்.

கரவனெல்லயில் ஓடும் களனி அந்த மலைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. 2,243 மீற்றர் உயரத்தில், உச்சிப் பாறையில் ஒரு பாதச் சுவடு. பௌத்தருக்கு அது புத்தர் பாதம், சைவருக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். சப்ரகமுவ மக்கள் நூற்றாண்டுகளாக அந்தப் படிகளில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறியிருக்கிறார்கள். யார் கண்டது சரி என்று தீர்த்துவிட்டு ஏறலாம் என்று காத்திருந்தவர் இல்லை. கடலடிக்கும் அதே நிதானம் வேண்டும்.

ஏனென்றால் கோணேசர் கடலின் படங்களை இன்று சிலர் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். தூணின் படத்தைப் போட்டு, இதோ புராணம் நிரூபணமாயிற்று என்கிறார்கள். வேறு சிலர் அதே படத்தைப் பார்த்து, வெறுங்கல், வேறென்ன என்று கடந்து போகிறார்கள். இருவரும் கமராவிடம் அதனால் முடியாததைக் கேட்கிறார்கள். படம் நிரூபிக்கக்கூடியது ஒன்று உண்டு: அங்கே ஒரு கோயில் இருந்தது, அது இடிக்கப்பட்டது. அது சிறிய விடயம் அல்ல. நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான அந்த உண்மைக்காகவே படங்கள் ஒழுங்காக எடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். அதற்கு அப்பால், சாந்நித்தியத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல எந்த வில்லையாலும் ஆகாது.

நண்பர்களோடு சுழியோடுபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். தனியாக இறங்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் விதி; இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் காற்றை மற்றவர் கவனிக்க வேண்டும். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். காற்று விரைவாகக் குறையும். அளவுமானியைக் காட்டி, விரலால் சைகை செய்து, தலையசைத்து நகர்வார்கள். நீருக்குள் பேச்சு இல்லை. ஒருவர் விரல் நீட்டிக் காட்டலாம், மற்றவர் அந்தத் திசையில் பார்க்கலாம், அவ்வளவே. கண்டதற்குப் பொருள் சொல்வதெல்லாம் படகில் ஏறி முகமூடியைக் கழற்றிய பிறகு. கிளார்க்கும் வில்சனும் அந்த 1956இல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது ஒரே தூணைத்தான். அதன் பொருளைப் பற்றி அவர்கள் பின்னால் வேறுபட்டார்கள். அதனால் அந்தத் தூணை இருவரும் சேர்ந்து கண்டது இல்லையென்று ஆகிவிடாது.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்தக் காலத்தில்தான் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் சுழியோடிகள் வருகிறார்கள். அப்போதே மலையகத்திலிருந்தும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்தும் வாகனம் பிடித்துக் குடும்பங்கள் கோணேசரைத் தரிசிக்க வருகின்றன. மேலே தேங்காய் உடைப்பவர்களும் கீழே கமராவோடு இறங்குபவர்களும் ஒரே பாறையின் இரு முனைகளில் நிற்கிறார்கள். மேலே நிற்பவர்கள் பிளாஸ்திக் பையையும் போத்தலையும் கடலில் எறியாமல் இருக்கட்டும். அது பூசைக்குரிய கடல். கீழே இறங்குபவர்கள் பவளத்தில் காலை ஊன்றாமல், செதுக்கிய துண்டு எதையும் நினைவுப் பொருளாகக் கொண்டு போகாமல் இருக்கட்டும். படம் எடுங்கள், நிறைய எடுங்கள். திகதி, ஆழம், திசை மூன்றையும் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கற்களைக் கிடக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.